நீதிபோதனை வகுப்பில் சொன்ன ஜீப் கதை



கத்திரி வெயிலில் போடிமெட்டு ஏறி மூணாறு போய் வந்தோம் என்று நாலு போட்டோ போட்டிருந்தேன். போட்டோவைப் பார்த்து ஆளாளுக்குக் கேட்ட கேள்விகள் இரண்டுதான். "டீச்சர், நீங்களா ஓட்டினீங்க?" என்பது ஒன்று. ஆமாம், நான்தான் ஓட்டினேன். இரண்டாவது, "டீச்சர், இது நீதிபோதனை வகுப்புல நீங்க சொல்வீங்களே, அந்த ஜீப்பா?" அதற்கு ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். வகுப்பில் இருந்த மாதிரி கடைசி பெஞ்சில் தூங்குபவர்களும் தூங்கலாம்.

என்னிடம் படிக்காத சொந்தக்காரர்களுக்காக அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பஞ்சாயத்து யூனியன் ஜீப் டிரைவர். 1962இல் சேர்ந்து 1992இல் ஓய்வு பெற்றார். 1966இல் ஒரு ராத்திரி அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. ஆஸ்பத்திரி ஏழு மைல். முகாம் முடிந்து நேரமாகிவிட்டதால் அன்றைக்கு ஜீப் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றது. சாவி அப்பாவின் சட்டைப் பையில். அப்பா ஜீப்பைத் தொடவில்லை. ஊருக்குள் ஓடி, ஒருவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு வந்தார். பாதி வழியில் வண்டியிலேயே என் தம்பி பிறந்துவிட்டான். "ஜீப் இருந்ததே, ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்டவர்களுக்கு அப்பா சொன்ன பதில்: "லாக் புக்குல என்னன்னு எழுதுறது?"

33 வருஷம் இந்தக் கதையை நான் சொல்லியிருக்கிறேன். 'நேர்மை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். உங்களில் பாதிப் பேருக்கு அது மனப்பாடமாகவே இருக்கும். அந்தக் கதையில் ஒரு பாதி விட்டுப்போயிருந்தது என்று எனக்கே இந்த மே மாதம்தான் தெரிந்தது. அதற்கு முன்னால் ஜீப் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

அப்பா ஓட்டிய ஜீப் இது இல்லை. அது எப்போதோ ஏலம் போய், எந்தக் காயலான் கடையில் கரைந்ததோ. ஆனால் அதே ஜாதி. மஹிந்திரா சி.ஜே. 3பி, 1971 மாடல், பெட்ரோல் வண்டி. போடி பக்கம் ஏலத்தோட்டக்காரர் ஒருவர் வீட்டுக் கொட்டகையில் பதினைந்து வருஷமாகக் கோழி அடைந்து கிடந்தது. கண்டுபிடித்துச் சொன்னவன் என் மாணவன். தேனியில் பட்டறை வைத்திருக்கிறான். "என் பேரைப் போட்டுடாதீங்க டீச்சர், எல்லாரும் பழைய ஜீப்பைத் தள்ளிக்கிட்டு வந்துருவாங்க" என்று கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்குக்கு என்னிடம் வாங்காத குட்டு இல்லை. இப்போது எத்தனை பல் சக்கரம் எத்தனை பல் சக்கரத்தைச் சுற்றினால் என்ன வேகம் என்று மனக்கணக்காகச் சொல்கிறான். பின்னத்தை நான் பல்சக்கரம் வைத்து நடத்தியிருக்க வேண்டும் போலிருக்கிறது.

விலை ஒன்றேமுக்கால் லட்சம். சீர்செய்ய ஆனதைச் சொல்ல மாட்டேன். உங்கள் சார் இதைப் படிக்கிறார். "அந்தக் காசுக்கு நகை எடுத்திருக்கலாம்" என்று அவர் ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் குளோரின் வாசனை வரும்வரை... இல்லை, அது வேறு. பெட்ரோல் வாசனை வரும்வரை அவரே துடைத்துக்கொண்டிருக்கிறார்.

வாங்கிய பிறகுதான் இந்த வண்டியைப் பற்றிப் படித்தேன். வாத்தியார் புத்தி, கொஞ்சம் பாடம் நடத்தாமல் விட மாட்டேன். 1940இல் அமெரிக்க ராணுவம் ஒரு சிறிய, எடை குறைந்த, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும் என்று கேட்டது. முதலில் செய்து காட்டியது பாண்டம் என்ற சிறிய கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டது. யுத்தம் முடிவதற்குள் அவர்கள் இருவரும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். செய்து காட்டியவனுக்குக் கடைசியில் கிடைத்தது டிரெய்லர் செய்கிற வேலை. ராணுவ ஜீப்பின் முகத்தில் ஒன்பது துளை, பின்னால் பொதுமக்களுக்காகச் செய்ததில் ஏழு துளை. ஜீப் என்ற பெயர் எப்படி வந்தது என்பதில் சண்டை இருக்கிறது. பாப்பாய் சித்திரக்கதையில் 1936இல் 'ஜீப்' என்று ஒரு விசித்திரப் பிராணி வந்தது, எங்கே வேண்டுமானாலும் போகும்; அதிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. எனக்கு அந்தக் கட்சிதான் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் 1947இல் பம்பாய் மஸகாவில் மஹிந்திராக்காரர்கள் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தார்கள். 1952 அக்டோபர் 2ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு ஊர் ஊராக பி.டி.ஓ.வும் ஜீப்பும் வந்ததைப் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். விதை, உரம், அம்மை ஊசி, படம் காட்டுகிற மிஷின், ஓட்டுப்பெட்டி, எல்லாம் அதில்தான் வந்தன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்றால் புழுதி கிளப்பிக்கொண்டு வரும் அந்த ஜீப்தான்.

3பி ஜீப்பைப் பார்த்தால் நெற்றி தூக்கிய மாதிரி பானெட் உயரமாக இருக்கும். காரணம் அழகுக்கு இல்லை. உள்ளே இருக்கிற எஞ்சின் உயரம். காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடுகிற வால்வு தலையில் இருக்கிறது, புகையை வெளியே விடுகிற வால்வு பக்கவாட்டில் இருக்கிறது. அந்தத் தலையை மூட இடம் போதாமல் பானெட்டை உயர்த்தினார்கள். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். அப்பா வீட்டுக்கு வந்தால் காக்கி நிக்கர் பெட்ரோல் நாற்றம் அடித்தது ஏன் என்று அறுபது வயதில்தான் எனக்குப் புரிந்தது.

ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டிருந்த நான் 62 வயதில் இதைக் கற்றுக்கொண்டேன். மூன்றே கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்ற பிறகுதான் ஒழுங்காக விழும். ஓடும்போது விழ வேண்டும் என்றால் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரை ஒரு அமுக்கு அமுக்கி, மறுபடி கிளட்ச் மிதித்து முதல் கியர். தாளம் தப்பினால் பல் அலறுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். என் மாணவன் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்ல டீச்சர், இன்னொரு தடவை" என்று ஒரு தடவைகூடக் குரல் உயர்த்தாமல் சொன்னான். நான் அவனுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. அவனுக்கும் இருந்திருக்கும்.

இன்னொரு வேடிக்கை, இது இடதுபக்கம் ஸ்டீயரிங் உள்ள வண்டி. பின்னால் 'லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருக்கும், அந்தக் காலத்துச் சர்க்கார் ஜீப்புகளில் பார்த்திருப்பீர்கள். முன்னால் போகிற லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் டிரைவருக்கு எதிரே வருகிற வண்டி தெரியாது. வலதுபக்க சீட்டில் இருப்பவர்தான் எட்டிப் பார்த்து "வரலாம்", "இருங்க" என்று சொல்ல வேண்டும்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் விண்டேஜ் பதிவு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். நம்பரில் 'வி.ஏ.' என்று வரும், பெருமையாக இருக்கும். ஆனால் அந்த நம்பர் வாங்கினால் கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் போடுவது, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கவா வாங்கினேன்? பழைய நம்பரிலேயே எஃப்.சி. காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டேன்.

எல்லாம் சரி. அம்மாதான் ஏற மாட்டேன் என்றாள்.

84 வயது. காது கூர்மை, கண் பரவாயில்லை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "நம்ம வண்டி சாம்பக் கலருல்ல. இது என்னத்துக்குப் பச்சை?" என்றாள். அவ்வளவுதான். கோயிலுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ கூப்பிடச் சொன்னாள். "அந்த மனுசன் ஏத்தல, நீ என்ன ஏத்துறது" என்று ஒரு நாள் முணுமுணுத்தது காதில் விழுந்தது. பழைய கோபம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பா போய் 16 வருஷமாகிறது.

மூன்று வருஷம் இப்படியே போனது. இந்த ஏப்ரலில் தம்பி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தபோது மூணாறு போகலாமா என்று பேச்சு வந்தது. அடுப்படியிலிருந்து அம்மா, "மேட்டு வழியாவா போவீக?" என்று கேட்டாள். ஆமாம் என்றோம். "அப்ப நானும் வாரேன்." ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டால் மாற்றிவிடுவாள்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். வெயிலுக்கு முன்னால் மலை ஏறிவிடலாம். தம்பி குடும்பத்தில் பஸ் பிடித்து வர வேண்டிய ஒருவர் தாமதம், அம்மாவின் மாத்திரை, சார் மறந்துவிட்ட கண்ணாடி என்று கிளம்பும்போது ஒன்பது மணி. நான் ஸ்டீயரிங்கில். வலதுபக்கம் அம்மா, மடியில் மஞ்சப்பை. பின் பெஞ்சில் சார், தம்பி, அவன் மகள், அப்புறம் என் மெக்கானிக் மாணவன். அவனை வலுக்கட்டாயமாகக் கூட்டிப்போனேன்.

ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுவதற்குள் அம்மா வேலையை எடுத்துக்கொண்டாள். ஒரு டிராக்டர் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். அவளாகவே தலையை வெளியே நீட்டி, "இரு... இரு... பஸ்ஸு வருது... இப்பப் போ" என்றாள். யாரும் சொல்லித் தரவில்லை. தேனி வருவதற்குள் கையை வெளியே நீட்டிப் பின்னால் வருகிறவனுக்கு வழிவிடவும் ஆரம்பித்துவிட்டாள். பின்னாலிருந்து தம்பி, "அம்மாவுக்கு லைசென்ஸ் எடுத்துரலாம்க்கா" என்றான்.

போடி தாண்டி முந்தல். அங்கிருந்து மலை. போடிமெட்டுக்குப் 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே மாந்தோப்பும் புளியமரமும் பின்வாங்க, பாறை சூடாக மூச்சுவிட்டது. மணி பதினொன்றரை. ஒவ்வொரு வளைவிலும் என்னுடைய டபுள் கிளட்ச் பரீட்சை. ஐந்து வளைவில் பாஸ், ஒன்றில் ஃபெயில். அந்தச் சத்தத்துக்கு அம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவுகளுக்கும் மொத வருசம் இப்படித்தான் கத்துமாம்" என்றாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பாதி மலையில் ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் திரும்பி முடிக்கட்டும் என்று நிறுத்தினேன். அவன் போனான். எங்கள் வண்டி இரண்டு இருமல் இருமியது, நின்றுவிட்டது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. மாணவன் குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்கு முதலில் கல் வைத்தான். பின்னால் நாலு கார், ஒரு டெம்போ, எல்லாம் ஹாரன். எனக்கு உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்கியது.

பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "வேப்பர் லாக் டீச்சர்" என்றான். பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறவரை காற்று படும், புதுப் பெட்ரோல் வரும், சமாளிக்கும். சூட்டோடு நின்றால் பம்பிலும் குழாயிலும் இருக்கிற பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். ஆவியைப் பம்பால் தள்ள முடியாது. தண்ணீர் தூக்கும் மோட்டாரில் காற்று புகுந்தால் என்ன ஆகும், அதே கதை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள்; அதற்காக ரப்பர் குழாய்களை எல்லாம் மாற்றியிருந்தான், ஆனால் கொதிப்புக்குக் குழாய் என்ன செய்யும்?

"ஆறணும் டீச்சர். அரை மணி நேரமாகும்." பட்டறைத் துணி ஒன்று வைத்திருந்தான், அது முழுக்க ஆயில்.

அப்போது வலதுபக்க சீட்டிலிருந்து அம்மா, "பம்புல ஈரத்துணி சுத்துங்கய்யா" என்றாள். சொல்லிக்கொண்டே மஞ்சப்பையில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பழைய நூல் சேலை. நீளநீளமாகக் கிழித்து, மடித்து, ஒரு முடிச்சுப் போட்டு. ஏழெட்டுத் துண்டு.

மாணவன் கையை நீட்டாமல் அம்மாவையே பார்த்தான். "பாட்டி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பங்குனி பொறந்தா ஒரு சேலை கிழிப்பேன். முப்பது வருசம் கிழிச்சிருக்கேன்ப்பா. பெட்ரோல் நாத்தத்தோட கொண்டாந்து போடுவாக, தொவச்சு மறுபடி குடுப்பேன். கத்திரியில மலையேறுறோம், துணி இல்லாமயா வாரது?"

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் நனைத்துப் பம்பைச் சுற்றிக் கட்டினான். குழாயையும் சுற்றினான். ஆவி வந்தது. காய்ந்ததும் மறுபடி நனைத்தான். பத்து நிமிஷம். ஸ்டார்ட்டரை அமுக்கினேன், இரண்டு சுற்றில் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்ற டெம்போக்காரர் ஹாரனை நிறுத்திவிட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் கைதட்டினார். துணியைக் கழற்றாமலேயே மெட்டு வரை ஏறினோம்.

எனக்கு அப்பா அந்தத் துணிகளை வாங்கிக்கொண்டு போனது ஞாபகமே இல்லை. வண்டியைத் துடைக்க என்று நினைத்திருப்பேன். இல்லை, பார்த்தே இருக்க மாட்டேன்.

போடிமெட்டில் ஏறியதும் வேறு உலகம். கேரள செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்தோம். கீழே நாம் வந்த சமவெளி வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது, இங்கே கழுத்தில் குளிர். மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். அம்மா டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். நான் நல்ல மகளாக, "பார்த்தீங்களாம்மா, அப்பா ஜீப்புல உங்கள ஏத்தலன்னாலும் நான் ஏத்திட்டேன்" என்றேன். அவர் நேர்மையைப் பற்றியும் ஏதோ சேர்த்துச் சொன்னேன். மேடைப் பழக்கம்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "நீ பள்ளிக்கூடத்துல ஒரு கதை சொல்வியாமே. பக்கத்து வீட்டுப் பய வந்து என்கிட்ட ஒப்பிச்சான், எப்பவோ. அதுல நான் எங்கத்தா இருக்கேன்?"

எனக்குப் புரியவில்லை.

"மாட்டுவண்டியில வைக்கப்போர மேல கத்திக்கிட்டுக் கெடந்தது நானு. கல்லு ரோடு. ஒவ்வொரு குழிக்கும் உசுரு போயிப் போயி வந்துச்சு. நீ சொல்ற கதையில உங்கப்பா இருக்காக, ஜீப்பு இருக்கு, லாக் புக்கு இருக்கு. நான் இல்ல."

உண்மை. நான் சொன்ன கதையில் 'பாதி வழியில் தம்பி பிறந்தான்' என்ற ஒரு வரிதான். அதையும் வகுப்பு சிரிப்பதற்காகச் சொல்வேன்.

பிறகு அம்மா சொன்னதை அவள் வார்த்தையிலேயே முழுக்க எழுத முடியாது, விட்டு விட்டுச் சொன்னாள். அப்போது இருந்த ஒரு அதிகாரியின் வீட்டம்மாளை அப்பா அதே ஜீப்பில் தேனிக்குச் சினிமாவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு தடவை இல்லை, பல தடவை. லாக் புக்கில் 'வசூல் முகாம்' என்று அப்பா கையாலேயே எழுதியிருக்கிறார், அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார். வீட்டில் வந்து அம்மாவிடம் சொல்லியும் இருக்கிறார். அப்பாவுக்கு அப்போது தற்காலிக வேலைதான், 1968இல்தான் நிரந்தரமானது. அவருக்கு முன்னால் இருந்த டிரைவர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஜீப்பை எடுத்துப்போய், யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டு, வேலை போய்விட்டது. அந்த வேலைதான் அப்பாவுக்குக் கிடைத்தது.

"நேர்மைதான். நான் இல்லைங்கல. பத்து ரூவா வாங்குனதில்ல அந்த மனுசன். ஆனா அன்னைக்கு ராத்திரி நேர்மையில்ல, பயம். எனக்குப் பயமா இருக்கு தாயின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் மாட்டுவண்டியில பேசாமப் போயிருப்பேன். லாக் புக்குல என்னன்னு எழுதுறதுன்னு என்கிட்டக் கேட்டாக. பொண்டாட்டிக்கு நோவுன்னு எழுதுன்னேன். எழுத மாட்டாகளாம். சினிமாவ முகாமுன்னு எழுதத் தெரியுது."

டீ ஆறிப்போயிருந்தது. இன்னொன்று சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். "மறுநா ஆபீசரே கேட்டாராம், ஏன்யா ஜீப்பை எடுக்க வேண்டியதுதானேன்னு. அதச் சொல்லிட்டுத் திண்ணையில ஒக்காந்து அழுதாக. அதுக்கப்புறம் நானும் அதப் பத்திப் பேசல."

நான் அறிந்தவரை அப்பா அழுததே இல்லை. ஆறு வயதில் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

இதற்குள் தம்பி வந்துவிட்டான். விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். கையில் பாதி மாங்காய், உப்பு மிளகாய்த்தூளோடு. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "அப்ப நான் பொறந்ததே வேப்பர் லாக்குலதானா?" என்றான். அம்மாதான் முதலில் சிரித்தாள்.

ஆகவே பிள்ளைகளே, 33 வருஷமாக நான் நடத்திய அந்தப் பாடத்தில் திருத்தம். அப்பா நல்ல மனிதர், அதில் மாற்றமில்லை. ஆனால் வேலை போய்விடும் என்று பயந்த நல்ல மனிதர். அந்தப் பயத்தின் செலவை முழுக்கக் கட்டியது அம்மா. 'நேர்மை' என்று நான் எழுதிப்போட்ட கரும்பலகையில் அவள் பெயருக்கு இடம் வைக்கவில்லை. இதை உங்கள் பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருந்தால் மீதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். என்னிடம் நேரில் கேட்டிருந்தால் நான் அந்த வயதில் ஒப்புக்கொண்டிருப்பேனா என்பது வேறு விஷயம். வகுப்பில் யாரோ ஒரு பெண் எழுந்து, "டீச்சர், உங்க அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையா?" என்று கேட்டதும், "உட்காரு, கதையைக் கேளு" என்று நான் சொன்னதும் இப்போது ஞாபகம் வருகிறது. அந்தப் பெண் யாரென்று முகம் வரவில்லை. நீயாக இருந்தால் எழுது அம்மா.

மூணாறு பற்றி எழுதப் பெரிதாக ஒன்றும் இல்லை. பூப்பாறை, ஆனையிறங்கல் அணை, தேவிகுளம் வழியாகப் போனோம். ஏலக்காய்த் தோட்டத்து நிழலும் அதற்கப்புறம் தேயிலைப் பச்சையும் கண்ணுக்கு நன்றாக இருந்தன. ஊருக்குள் மே மாதக் கூட்டம், ரூம் வாடகை கேட்டுச் சாருக்குத் தலைசுற்றல். ஒரு ராத்திரி தங்கினோம். 1924 வெள்ளம் வருவதற்கு முன்னால் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு சின்ன ரயில் ஓடியதையும், அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பியில் தொங்கிக்கொண்டு நம்ம போடிப் பக்கம் கொட்டகுடிக்கு இறங்கியதையும் வண்டியில் விளக்கிச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. தம்பி மகள் தூங்கிவிட்டாள்.

இறங்கும்போது நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு மெட்டிலிருந்து இறங்கினோம். ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து பெண்கள் போடிக்கும் தேவாரத்துக்கும் சுற்றுப்பட்டி ஊர்களுக்கும் திரும்புகிற நேரம். வரிசையாக ஜீப்புகள். எல்லாம் டீசல், நீளமான வண்டிகள். உள்ளே எத்தனை பேர் என்று எண்ண முடியாது. பின்னால் தொங்கிக்கொண்டும் வருகிறார்கள். அந்த ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளை நாம் பேப்பரில் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறோம். பழைய ஜீப் மேல் எனக்கு வந்த இந்த ஆசையெல்லாம் ஓய்வூதியம் வாங்குகிறவளின் ஆசை. அவர்களுக்கு ஜீப் என்றால் அன்றாடக் கூலிக்குப் போகிற வழி.

இரண்டாவது கியரில் எஞ்சினையே பிரேக்காக வைத்து நான் மெதுவாக இறங்க, ஒவ்வொரு ஜீப்பாக எங்களைத் தாண்டியது. ஒரு ஜீப்பிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "ஏய், பாட்டி ஜீப்புல போகுதுடி!" அடுத்த வளைவில் அவர்கள் வண்டி ஓரம்கட்டி நின்றிருந்தது. டிரைவர் இறங்கி வந்து எங்கள் பானெட்டைத் தட்டிப் பார்த்து, "என்ன மாடல்? ஒரிஜினல் எஞ்சினா?" என்று என் மாணவனிடம் விசாரிக்க ஆரம்பித்தார். அந்தப் பெண்கள் அம்மாவைச் சுற்றிக்கொண்டார்கள். "எங்கிட்டுப் பாட்டி போயிட்டு வாரீக?" "மூணாறு." "பேரனா ஓட்டுறது?" அம்மா என் பக்கம் கையைக் காட்டினாள். "எம் மக ஓட்டுறா. நான் வழி சொல்றேன்." ஒரு பெண் முந்தானையிலிருந்து நாலு பச்சை ஏலக்காயை எடுத்து அம்மா கையில் வைத்துவிட்டுப் போனாள். அதில் ஒன்று இப்போதும் சாமி மாடத்தில் இருக்கிறது, காய்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சேர ராத்திரி எட்டு. போக வர 218 கிலோமீட்டர், பெட்ரோல் 27 லிட்டர்.

கணக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் லாக் புக் வைத்திருக்கிறேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து. நாற்பது பக்க நோட்டில் கட்டம் போட்டு: தேதி, புறப்பட்ட மீட்டர், சேர்ந்த மீட்டர், பெட்ரோல், பயண நோக்கம், அதிகாரி கையொப்பம். கடைசிக் கட்டம் விளையாட்டுக்குப் போட்டது, காலியாகவே இருக்கும்.

மறுநாள் காலையில் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னன்னு எழுதியிருக்க?"

"சுற்றுலான்னு."

"அத அடி."

அடித்தேன்.

"சும்மான்னு எழுது."

எழுதினேன். அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கட்டங்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். அறிவொளி இயக்க வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றவள், மெதுவாகத்தான் படிப்பாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைக் கேட்டாள். கட்டத்துக்குள் அடங்கவில்லை. பக்கத்துக் கட்டத்திலும் ஏறித் தன் பெயரை முழுசாக எழுதினாள்.

பின்குறிப்பு: ஆடி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன். ஜீப்பில் ஒரு சுற்றுப் போக ஆசைப்படுகிறவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். பின் பெஞ்சில் நாலு பேருக்குத்தான் இடம். முன் சீட் கேட்காதீர்கள், அதில் ஆள் இருக்கிறது. பழைய நூல் சேலை இருந்தால் கொண்டுவாருங்கள், அம்மா கேட்கிறாள்.